ராடிசாவின் பேசும் பெட்டி

லெஸ்கோவாட்ஸ் ஊரில் ஸ்டாமெனாவின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. மிளகாய் பதப்படுத்தும் ஆலையில் பாட்டில் மூடி போட்ட காலத்திலும் சரி, அதன் பிறகும் சரி, யாராவது ஏதாவது கேட்டால் அவள் கணவன் ராடிசாவைத்தான் பார்ப்பாள். பேருந்து ஓட்டியவன் அவன். வீட்டுக்கும் சேர்த்து அவனே பேசுவான்.

பிறகு அவனுக்கு நரம்பு நோய் வந்தது. கை போனது, கால் போனது, கடைசியில் நாக்கும் போனது. கண் மட்டும் மிச்சம். திரையில் எழுத்துகளை அவன் ஒவ்வொன்றாகப் பார்க்க, கட்டிலோரம் இருந்த கணினி அதைக் குரலாகச் சொல்லும். அந்தத் தகரக் குரலிலும் அவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கிண்டலடித்தான்.

டிசம்பரில் அவர்கள் குடும்பப் புனிதரின் நாள். ஊரே வந்து போகும் நாள். அதற்கு முன் வீட்டில் ஒரு மூலை விடாமல் துடைத்தாக வேண்டும். வியாழக்கிழமை, திரைச்சீலை, அலமாரி எல்லாம் முடித்து, கணினிப் பெட்டியையும் திறந்தாள் ஸ்டாமெனா. உள்ளே விசிறி தூசியில் திணறிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு, விசிறியின் கொக்கியைத் திருப்புளியால் நெம்பினாள். திருப்புளி வழுக்கி உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையைக் கீறியது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து, தூசியை இயந்திரத்தால் உறிஞ்சி மூடினாள்.

விசையைப் போட்டாள். பெட்டி உயிர்பெறவில்லை.

திரும்பினாள். ராடிசாவின் கண்கள் விரிந்து ஈரமாயிருந்தன. நெம்பும்போதே பார்த்திருக்கிறான். நிறுத்து என்று சொல்ல அவனிடம் இருந்த ஒரே வாயை அவள்தான் அணைத்து வைத்திருந்தாள்.

சந்தைத் தெருவில் பழுது பார்க்கும் வுகோமான் பலகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான்.

"அண்ணி, என்ன, கோடாலியால துடைச்சீங்களா? இங்க ஒரு ரெசிஸ்டர் பிஞ்சு போயிருக்கு. கடுகுல பாதி கூட இருக்காது. எங்க அது?"

"தூசிப் பையில இருக்கும்."

"பிடிச்சுட்டு வாங்க."

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, பையைக் கொட்டி, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்தாள். முடி, நூல், எப்போதோ உடைந்த கோப்பையின் சில்லு. ஒரு கறுப்புப் பொட்டைக் காகிதத்தில் மடித்து மறுநாள் ஓட்டமாய் எடுத்துப் போனாள்.

வுகோமான் ஊசியால் குத்திப் பார்த்தான். "இது கருகின ரொட்டி, அண்ணி."

அவள் அழுதுவிட்டாள். அவன் கிண்டலை நிறுத்தினான்.

"வேற கம்ப்யூட்டர்ல போட முடியாதா, தம்பி?"

"அந்தப் பேசுற புரோகிராம் இந்தப் பலகையில மட்டும்தான் ஓடும். வித்த கம்பெனியே இப்ப இல்ல." உள்ளே போய்க் குப்பையைக் கிளறி, கருகிப்போன பலகை ஒன்றோடு வந்தான். "இது அதே ஜாதி. செத்துப்போனது, ஆனா அந்தத் துண்டு இதுல நல்லாருக்கு. எடுத்து ஒட்டலாம். சிக்கல் என்னன்னா, உங்க பலகையில அது உக்கார்ற செம்புத் தகடும் பிஞ்சு போச்சு. முடி மாதிரி கம்பி இழுக்கணும். பக்கத்துல இருக்கிற சிப்புக்குச் சூடு ஏறுச்சுன்னா மொத்தமும் போச்சு. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. வீட்ல கேட்டுட்டு வாங்க."

வீட்டில் கேட்பது! மேலே பார்த்தால் சரி, கண்ணை மூடினால் வேண்டாம். அவ்வளவுதான் அவர்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சு. முந்தின நாளிலிருந்து அவள் கேட்காத கேள்வி இல்லை. தண்ணியா, ராடிசா? தலையணையா? முதுகு வலிக்குதா? எல்லாவற்றுக்கும் கண்ணை மூடினான். ஆனாலும் கண்ணாலேயே ஏதோ கேட்டான்; இரவெல்லாம் கேட்டான். கோபமா, பயமா, சாகப்போகிறேன் என்கிறானா, அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஒட்டினா மொத்தமும் கெட்டுப்போனாலும் போகும்ங்கிறான். அப்புறம் நீ..."

அவள் முடிக்கும் முன்பே மேலே பார்த்தான்.

சனிக்கிழமை வுகோமான் மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினான். விசையை அழுத்தினான். விளக்கு எரியவில்லை. ஸ்டாமெனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கம்பியைப் பிரித்து மறுபடி இழுத்தான். பேசவே வராதவள், "இன்னும் ஒரு தடவை பாருப்பா, இன்னும் ஒரே தடவை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கம்பியை மீண்டும் பிரித்தான்.

மூன்றாவது முறை விசிறி சுற்றியது.

"எப்ப வேணா விட்டுடும், அண்ணி. ஆட்டாம கொண்டு போங்க."

பெட்டியைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்து நடந்தே வந்தாள். பேருந்தின் குலுக்கலை நம்பவில்லை. எல்லாவற்றையும் பொருத்தி அவன் எதிரே நின்றாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் கண் எழுத்தெழுத்தாய் நகர்ந்தது. தகரக் குரல் எழுந்தது:

"இடது கால் சுண்டுவிரல். வியாழக்கிழமையிலேருந்து."

போர்வையை விலக்கிக் காலுறையைக் கழற்றினாள். அதன் உள்ளே பிரிந்திருந்த நூல் ஒன்று விரலைச் சுற்றி இறுகியிருந்தது. விரல் ஊதா நிறத்தில் வீங்கி, நூல் சதைக்குள் புதைந்திருந்தது. கத்தரியை எடுத்து வந்தும், நூல் எது சதை எது என்று தெரியாமல் கண்ணீர் மறைத்தது.

"மெதுவா," என்றது பெட்டி. "இப்ப வலிச்சா சொல்றேன்."