அண்ணனின் நீலச் சட்டை

ஜார்ஜ் டவுனில் கலைக் கல்லூரியில் நவீனச் சிற்பம் படித்துக்கொண்டிருந்தபோது, கடைசி ஆண்டில், அண்ணன் இறந்துபோனான். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், தொழிற்சாலை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது லாரி இடித்துவிட்டது. இருபத்தேழு வயது. நான் செய்வது எதுவும் அவனுக்குப் புரியாது. ஆனாலும் பிளாஸ்டர் மூட்டைகளை மோட்டாரில் கட்டிக்கொண்டு, பாலம் கடந்து கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து இறக்குவான்.

இரண்டு மாதத்தில் இறுதிப் படைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அம்மாவின் அலமாரியில் இருந்த அண்ணனின் நீல வேலைச் சட்டையை எடுத்துப் போனேன். கேட்டால் தரமாட்டார் என்று நினைத்ததால் கேட்கவில்லை. சட்டையைப் பிளாஸ்டர் கரைசலில் முக்கி, கம்பிக் கூட்டின்மேல் போர்த்திக் காயவிட்டேன். இறுகியதும் கம்பியை உருவினேன். உள்ளே ஆள் இல்லாமலே சட்டை நின்றது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, அவனுக்கு இருந்ததுபோலவே.

கண்காட்சிக்கு அம்மா ஃபெர்ரியில் வந்தார். விரிவுரையாளர் என் படைப்பைப் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா அருகில் போய்ச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இத மறுபடியும் சட்டையாக்க முடியுமா?"

முடியாது என்றேன்.

"இது ஒண்ணத்தான் நான் தொவைக்காம வச்சிருந்தேன்."

கல்லூரி அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பியது. மறுத்துவிட்டு, வகுப்புத் தோழியின் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைக் குளியலறையில் ஊறப்போட்டு நகத்தால் சுரண்டத் தொடங்கினார். பிளாஸ்டர் கரையாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. நானும் உளியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்டர் உதிர உதிரத் துணியும் கிழிந்து வந்தது. மாலைக்குள் காலர் மட்டும் மிஞ்சியது. அம்மா அதை முகர்ந்து பார்த்தார். சுண்ணாம்பு வாசம்தான் அடித்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா," என்றார் அம்மா. "உனக்கும் அவன் அண்ணன்தானே."

காலரைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அந்த ஆண்டு வகுப்பில் நான்தான் முதலாவதாக வந்தேன். அம்மாவிடம் பாஸாகிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.