நான்காம் வண்டியின் நேரம்

ஜெயலெட்சுமிக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும் என்று அவள் புருஷன் ராமசாமி சொல்வான். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் அவன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நிற்கிறவன்கூட ஓடுகிற மாதிரிதான் தெரியும். ஆனாலும் பெண்டாட்டி விஷயத்தில் அவன் சொல்வது சரிதான். கெப்பாலா பத்தாஸில் பிறந்து, பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாஸ் பெக்டரி பஸ்ஸில் ஏறியவள், இந்தத் தொண்ணூற்று நாலாம் வருஷத்தோடு பதினைந்து வருஷமாக ஒரே வேலையைச் செய்து வந்தாள். சாமான் வண்டி தள்ளுவது.

அந்த பெக்டரியில் தொலைபேசிக்குள் வைக்கிற சர்க்கியூட் பலகை செய்தார்கள். பன்னிரண்டு லைன். ஒவ்வொரு லைன் தலைமாட்டிலும் ஒரு கம்பம், அதில் ஒரு மஞ்சள் விளக்கு. சாமான் தீரப்போகிறதென்றால் லைன் பெண் சுவிட்சைத் தட்டுவாள், விளக்கு எரியும். ஸ்டோரிலிருந்து வண்டி போய்ப் பெட்டிகளை இறக்க வேண்டும். வண்டி தாமதமானால் லைன் நிற்கும். லைன் நின்றால் மேனேஜர் வருவார். அந்த மனுஷன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மெதுவாகக் கேள்வி கேட்பார், அதற்கே பெண்கள் பயப்படுவார்கள்.

மொத்தம் நாலு வண்டி. ஒன்று சல்மாவுடையது, இரண்டு நல்லம்மாவுடையது, மூன்று ஜெயலெட்சுமியுடையது. நாலாவது வண்டி புஷ்பவள்ளியுடையது. அவளுக்கு நாற்பத்தேழு வயது. வலது முழங்கால் தேய்ந்துபோய் இரண்டு வருஷமாகிறது. மற்றவர்கள் ஏழு நிமிஷத்தில் முடிக்கிற நடைக்கு அவளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். இது நாலு வண்டிக்காரிகளுக்கும், லைன் லீடர் சித்தி ஹாஜராவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. தூரத்து லைன்களை மற்ற மூவரும் பிரித்து எடுத்துக்கொண்டு, ஸ்டோருக்குப் பக்கத்து லைன்களை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுத்த ஏற்பாடு இல்லை. ஒருத்தி விட்டதை இன்னொருத்தி எடுத்தாள், அப்படியே நடந்து வந்தது.

புஷ்பவள்ளிக்கு இந்த வேலை போனால் வேறு கதியில்லை. புருஷன் சின்னையா பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தான். கம்பெனி கொடுத்த கிளினிக் அட்டையில்தான் அவனுக்கு டாக்டரும் மருந்தும். லைனில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறலாமென்றால் அங்கே மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற கண் வேண்டும். கண் டெஸ்டில் அவள் இரண்டு முறை தோற்றாயிற்று. ஆகவே அவளுக்கு இருந்தது வண்டி ஒன்றுதான்.

மே மாதத்தில் தியாகராஜா வந்து சேர்ந்தான். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், அப்பா கவர்ன்மெண்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த இன்ஜினியர், தமிழை இங்கிலீஷில் தொட்டுத் தொட்டுப் பேசுவான். பெக்டரித் தளத்தை மாற்றி அமைப்பது அவன் வேலை. நிஜத்தில் மாற்றுவதற்கு முன்னால் முழு பெக்டரியையும் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பானாம். அதற்குச் சிமுலேஷன் என்று பெயராம். அதற்கு ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிஷம் ஆகிறது என்ற கணக்கு வேண்டும்.

“அக்கா, இந்த வீக் பூரா நான் டைம் எடுப்பேன். நீங்க எப்பவும் போல செய்ங்க, ஓகே? ஒண்ணும் ஸ்பெஷலா வேணாம்.”

பாவம், நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் கையில் அட்டையும் ஸ்டாப் வாட்ச்சும் வைத்துக்கொண்டு ஒருவன் ‘எப்பவும் போல’ என்றால், பாயான் லெப்பாஸில் எந்தப் பெண் அதை நம்புவாள்? ஜப்பான்காரன் பார்வையிட வந்தாலும், தலைமை ஆபீஸ்காரன் வந்தாலும் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அன்றைக்குத் தரை மின்ன வேண்டும், லைன் நிற்கக் கூடாது, ஒருத்தி குறை வெளியே தெரியக் கூடாது.

ஜெயலெட்சுமிக்குக் கவலை புஷ்பவள்ளியைப் பற்றித்தான். அவன் புஷ்பவள்ளியின் நடையை ஒரு தடவை அளந்தால் போதும், பன்னிரண்டு என்று காகிதத்தில் விழுந்துவிடும். காகிதத்தில் விழுந்தது மேனேஜர் மேசைக்குப் போகும். டீ நேரத்தில் சித்தி ஹாஜராவைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

“ஹாஜராக்கா, அவரு ஆளைப் பாக்கல. வண்டி நம்பரத்தான் எழுதுறாரு.”

“அதுக்கு?”

“நாலாம் நம்பரையும் நானே தள்றேன். குல்லா, மாஸ்க், நீலச் சட்டை, எல்லாம் ஒண்ணுதானே. யாருக்குத் தெரியப் போவுது? புஷ்பாக்கா ஸ்டோருக்குள்ள பொட்டி பிரிச்சிக்கிட்டு இருக்கட்டும்.”

சித்தி ஹாஜரா லைன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ரெண்டு வண்டிய நீ ஒருத்தி தள்ளுவியா? செத்துருவலா. சரி, வண்டி வந்ததும் என் லைன் பிள்ளைங்கள எழுந்து வந்து பொட்டிய எறக்கச் சொல்றேன். ஒரு வாரந்தானே.”

அந்த ஒரு வாரத்தை அந்தப் பெண்கள் திருவிழாவாக நடத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும். விளக்கு எரிந்த மறு நொடி வண்டி கிளம்பியது. வழியில் நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். வண்டி போய்ச் சேரும்போது லைன் பெண்கள் நாலு பேர் எழுந்து நின்று, ஆளுக்கு இரண்டு பெட்டியாகக் கை மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களைப் போல உட்கார்ந்துகொண்டார்கள். ஏழு நிமிஷ வேலை நாலு நிமிஷத்தில் முடிந்தது. ஜெயலெட்சுமி மூன்றாம் வண்டியை விட்டு நாலாம் வண்டியைப் பிடித்து, அதை விட்டு இதைப் பிடித்து ஓடினாள். வீட்டுக்குப் போய்க் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை மாலை தியாகராஜா அட்டையை மூடிவிட்டு, “சூப்பர் அக்கா, நாலு வண்டியும் ஒரே டைம்!” என்றான். புஷ்பவள்ளி ஸ்டோருக்குள் நின்று ஜெயலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். காப்பாற்றிவிட்டோம் என்று ஜெயலெட்சுமி மனசாரச் சந்தோஷப்பட்டாள்.

ஒரு மாதம் கழித்து கேண்டீனில் எல்லாரையும் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினார்கள். மேலிருந்து பார்த்த மாதிரி பெக்டரி, கட்டம் கட்டமாக லைன்கள், நடுவில் எறும்பு போல நாலு வண்டிப் புள்ளிகள். மூலையில் இருந்த ஸ்டோரைத் தளத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தால் நடை பாதியாகக் குறைகிறது என்று தியாகராஜா காட்டினான். அது நியாயமான யோசனை. பதினைந்து வருஷமாக ஜெயலெட்சுமியே சொல்லி வந்ததுதான், சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. ஓடும் வண்டி பச்சை, சும்மா நிற்கும் வண்டி மஞ்சள். திரையில் வண்டிகள் பாதி நேரம் மஞ்சளாகவே நின்றன. பிறகு அவன் ஒரு பொத்தானைத் தட்டினான். நாலு புள்ளி இரண்டாகியது. இரண்டும் பச்சையாகவே ஓடின, ஒரு லைன்கூட நிற்கவில்லை. நல்லம்மா கை தட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கை தட்டினார்கள். காணாமல் போன இரண்டு புள்ளி யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஜெயலெட்சுமிக்கு உறைத்தது, பஸ்ஸில் ஏறி கெலுகோர் தாண்டிய பிறகுதான். அந்த இரண்டில் ஒன்று புஷ்பவள்ளி. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நேராக தியாகராஜாவின் மேசைக்குப் போய் நின்றாள். நின்றபடியே நடந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இரண்டு வண்டியையும் தானே தள்ளியது, லைன் பெண்கள் பெட்டி இறக்கியது, புஷ்பவள்ளியின் முழங்கால், எதையும் மறைக்கவில்லை.

தியாகராஜா தலையில் கை வைத்துக்கொண்டான். “ஏன்க்கா இப்படி? எப்பவும் போலன்னுதானே சொன்னேன்!”

“அதான் தம்பி, தப்புப் பண்ணிட்டோம். இப்ப சரியா போடுங்க. நெசமான நேரத்தப் போடுங்க.”

திட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம், அவன் அப்படிச் செய்யவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தான். அவள் சொல்லச் சொல்லப் புது எண்களைத் தட்டினான். புள்ளிகள் ஓடத் தொடங்கின. நாலு வண்டிக்கும் வேலை இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

“நாலு வேணும்ல தம்பி?”

“நாலு இருந்தா நல்லாத்தான் ஓடுது. ஆனா இத பாருங்க.” நாலாம் வண்டியை விரலால் காட்டினான். “மேனேஜர் மொதல்ல கேக்கிறது, இது மட்டும் ஏன் ஸ்லோ, யாரு இதுன்னுதான். அப்புறம் இதை எடுன்னு சொல்வாரு.” அதைத் திரையிலிருந்து எடுத்துக் காட்டினான். மூன்று வண்டி ஓடின, ஒரு லைனும் நின்று சிவப்பாகவில்லை. “பாத்தீங்களா? மூணு போதும்.”

“அப்ப என்னைய எடுத்துட்டு அவங்கள வைங்க.”

அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் செய்தான். மூன்றாம் வண்டி போய், நாலாவது திரும்ப வந்தது. ஐந்தாம் லைன் சிவப்பாகியது, அடுத்து எட்டு, அடுத்து பதினொன்று. அவன் நிறுத்திவிட்டான்.

அந்தக் கம்ப்யூட்டரில் எந்த எண்ணைத் தட்டினாலும் புஷ்பவள்ளி இருக்கிற பெக்டரி ஓடவில்லை. பொய் நேரம் போட்டால் இரண்டு பேர் போதும், அவள் போவாள். உண்மை நேரம் போட்டால் மூன்று பேர் போதும், அப்போதும் அவள்தான் போவாள், முடமானவள் என்ற பெயரோடு போவாள். இரண்டு வருஷமாக அவளை ஓட வைத்தது எதுவோ, அதை எந்தக் கட்டத்தில் தட்டுவது என்று தியாகராஜாவுக்குத் தெரியவில்லை. ஜெயலெட்சுமிக்கும் சொல்லத் தெரியவில்லை.

யார் பெயரையும் சொல்லாமல் அவன் மூன்று வண்டிக் கணக்கை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனான். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தான். இரண்டு வண்டிக் கணக்கு தலைமை ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்தாகிவிட்டதாம். ‘உன் கண் முன்னால செஞ்சு காட்டினவங்களால இனிமே ஏன் முடியாது?’ என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டாராம்.

“சாரி அக்கா,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாதக் கடைசியில் ஸ்டோரை நடுவுக்கு மாற்றினார்கள். சல்மாவுக்கு வயது குறைவு, கண் நன்றாக இருந்தது, லைனில் உட்கார வைத்தார்கள். புஷ்பவள்ளிக்குக் கடிதம் வந்தது. ஜெயலெட்சுமியும் நல்லம்மாவும் ஆளுக்கு ஆறு லைன் ஓடினார்கள். பெட்டி இறக்க யாரும் எழுந்து வரவில்லை. லைன் பெண்களுக்கும் இப்போது நொடிக் கணக்கு போட்டாயிற்று, எழுந்தால் பலகை குவிந்துவிடும். சித்தி ஹாஜரா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசி நாளன்று புஷ்பவள்ளி கடிதத்தைக் கொண்டுவந்து ஜெயலெட்சுமியிடம் படிக்கச் சொன்னாள். தளம் மாறியதால் ஆள் மிகுதி, வேலையில் குறை எதுவுமில்லை என்று அதில் இருந்தது.

“பாத்தியா? கொறை இல்லன்னு போட்டுருக்கான். எல்லாம் நீ ஓடுன ஓட்டந்தான் ஜெயா. இல்லன்னா நொண்டின்னுல்ல வெளிய அனுப்பிருப்பாங்க.”

உங்கள் வேலை போனதே அந்த ஓட்டத்தால்தான் என்று சொல்ல ஜெயலெட்சுமி வாயைத் திறந்தாள். பிறகு கடிதத்தை மடித்துக் கொடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு மிஞ்சியிருந்த அந்தக் கொஞ்சம் நிம்மதியும் போகும்.

“அந்தத் தம்பிக்கிட்ட ஒரு பேப்பரு வாங்கிக் குடேன் ஜெயா. நாலாம் வண்டி இவ்ளோ நேரந்தான் எடுத்துச்சுன்னு. வேற எடத்துல காட்டலாம்.”

தியாகராஜா அச்செடுத்துக் கொடுத்தான். வண்டி நான்கு, புஷ்பவள்ளி, சராசரி நாலு நிமிஷம். கீழே அவன் கையெழுத்து. செய்யக்கூடாத வேலைதான். ஆனால் முடியாது என்று சொல்ல அவனுக்கு முகமில்லை.

ஆள் தேவை என்று ஒவ்வொரு பெக்டரி கேட்டிலும் பலகை தொங்கிய காலம் அது. ஆனால் பலகையின் அடியில் வயது முப்பதுக்குள் என்று போட்டிருக்கும். நாலைந்து இடத்தில் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கக்கூட யாரும் தயாராக இல்லை. கடைசியாக பிறை என்ற ஊரில் ஒரு பிளாஸ்டிக் பெக்டரியில், பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஜெயலெட்சுமி லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் காவலுக்கு நின்ற கார்டு அவளை நிறுத்திவிட்டான்.

உள்ளே சூப்பர்வைசர் ஒருவன் காகிதத்தை வாங்கிப் படிப்பது தெரிந்தது. படித்தவன் முகம் மலர்ந்தது. வாங்க வாங்க என்று தலையாட்டினான். இந்த வயதில் இந்த நேரமா என்று பக்கத்தில் இருந்தவனுக்கும் காட்டினான். பிறகு தாராளமாகக் கையை நீட்டி, சுவரோரம் பெட்டி ஏற்றி நின்ற ஒரு வண்டியைக் காட்டினான். தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

புஷ்பவள்ளி திரும்பிக் கதவைப் பார்த்தாள். பிறகு போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஜெயலெட்சுமியின் கால் தன்னால் முன்னே போனது. கார்டு குறுக்கே கையை வைத்து, நீங்க இங்கயே நில்லுங்க என்றான்.