தர்மினி என்று ஒரு கன்று

தர்மினிக்கு மாட்டு டாக்டர் என்ற பட்டம் பிடிக்காது. அதை வைத்தவர்கள் வேறு யாருமில்லை, சொந்தக்காரர்கள்தான். தலைமுறை தலைமுறையாகக் குமாஸ்தாவும் வாத்தியாருமாக இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் ஒரு பெண் டாக்டராகிறாள் என்று ஜார்ஜ் டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அப்பா சிவகுருநாதன். எந்த டாக்டர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

படிப்பு முடிந்ததும் ஜெலுத்தோங்கில் ஒரு கிளினிக்கில் வேலை. பூனைக்கு நகம் வெட்டுவதும் நாய்க்கு ஊசி போடுவதுமாகப் பொழுது ஓடியது. இதற்கா இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று அவளுக்கே சலிப்புத் தட்டியது.

அப்போதுதான் கூடப் படித்த இத்ரீஸ் போன் செய்தான். புக்கிட் மெர்தாஜாமில் மாடு வளர்க்கும் பிச்சைமுத்துவின் பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது, நான் கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டேன், நீ போ என்றான். பெர்ரி ஏறிக் கடல் தாண்டிப் போனாள். கன்றின் ஒரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. தோள்வரை கையை விட்டு அவள் காலை நேராக்க, பிச்சைமுத்துவும் மனைவி ருக்குமணியும் இழுக்க, கிடேரிக் கன்று வைக்கோலில் வந்து விழுந்து தலையை ஆட்டியது. ருக்குமணி அழுதாள். தர்மினியும் வெட்கமில்லாமல் அழுதாள். தான் டாக்டர்தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் அந்தக் கொட்டகையில்தான். பிச்சைமுத்து சொல்லி அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்களும் கூப்பிட்டார்கள். "பாப்பா, சாப்பிட்டுத்தான் போகணும் லா," என்று ருக்குமணி பிடித்து உட்கார வைத்துவிடுவாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. கிளினிக்கில் ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

சித்தப்பா மகன் ஸ்ரீகரனின் கல்யாணம் வந்தது. மண்டபத்துச் சமையலுக்குப் பாலும் தயிரும் கொண்டுவந்த பிச்சைமுத்து, பட்டுப் புடவையில் நின்ற தர்மினியைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக நேரே வந்து போனில் அந்தக் கன்றின் படத்தை நீட்டினார்.

"பாப்பா, இங்க பாரு, எப்படி வளந்துட்டா. உன் பேருதான் வச்சிருக்கோம். தர்மினின்னு கூப்ட்டா ஓடி வரா."

பக்கத்திலிருந்த மாமிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மாட்டுக்கே இவளின்ர பேர்?" என்றாள் ஒருத்தி. அம்மா கமலாம்பிகையின் முகம் சுருங்கியது.

"ஆர் பிள்ளை இந்த ஆள்? உனக்குத் தெரியுமே?"

"தெரியாதம்மா," என்றாள் தர்மினி. "ஆள் மாறி வந்திட்டார் போல."

 பிச்சைமுத்து போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க, எங்க டாக்டர் பேரும் தர்மினிதான். அவங்கன்னு நெனச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க மேடம்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நடந்தார். தன் பொய்யை அவரே தூக்கிக்கொண்டு போவது தர்மினிக்குப் புரிந்தது. ஆனாலும் பின்னால் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து பாயசமும் குடித்தாள்.

அடுத்த ஞாயிறே கொட்டகைக்கு ஓடினாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் செஞ்சது ரொம்பத் தப்பு."

"பரவால்ல லா டாக்டர். பெரிய குடும்பம், ஆயிரம் இருக்கும்."

அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் சண்டை போட்டு, அழுது, சரிசெய்துகொண்டிருப்பாள். ருக்குமணியும் வழக்கம்போலச் சோறு போட்டாள். "சாப்பிடுங்க டாக்டர்," என்றாள். பாப்பா என்று கூப்பிடவில்லை.

கன்றுக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. பிச்சைமுத்து வேலிப் பக்கம் பார்த்து, "லெச்சுமி, வா," என்று கூப்பிட்டார். கன்று திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"பேர மாத்திட்டோம் டாக்டர். உங்களுக்குச் சங்கடம் வேணாம்னு. அதுக்கு இன்னும் பழகல."

பழைய பேரே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைக் கேட்கத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போய் நின்று, "லெச்சுமி," என்று அவளும் கூப்பிட்டாள்.