கருமுகக் கிடா

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘தூரப்பார்வை’. ஆட்டைத் தொட மாட்டார், பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டார். வேலிக்கு வெளியே நின்று காது, மூக்கு வளைவு, வால் தடிப்பு, முகத்து நிறம் என்று ஒரு பார்வை. இது இன்ன இனம், இது கலப்பு என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வினையே அதுதான். கூடவே வாய்க்கொழுப்பு வேறு. ஏமாந்து வாங்கினவனிடம், "கண்ணை வீட்டுல வச்சுட்டுப் போயிட்டியா?" என்று கேட்காமல் விட மாட்டார். அதைக் கேட்டுச் சிரிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி.

என் தம்பி தையல் கடையை மூடிவிட்டு ஆடு வளர்க்க இறங்கினான். அவனுடைய முழு நம்பிக்கையும் கருமுக இனத்தில் வாங்கிய ஒரு கிடாவின் மேல்தான். அந்த இனத்துக்கு உடம்பெல்லாம் வெள்ளை, முகம் மட்டும் கரிக்கட்டை. "மாமா வந்து சுத்த இனம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்க்கா. குட்டிக்கு ஆள் தானா வரும்" என்றான். மறுநாள் மத்தியானம் போனோம். அக்கம்பக்கத்தாரும் கறிக்கடைக்காரரும் கூடிவிட்டார்கள்.

இவர் கொட்டகைப் படலைக்கூடத் திறக்கவில்லை. "முகத்துல திட்டுத் திட்டா வெள்ளை இருக்கே, தெரியலையா? கலப்பு. தையக்காரனுக்கு எதுக்குய்யா ஆடு? பொத்தான் தைக்கறதோட நிறுத்திக்க வேண்டியதுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். தம்பி போய்க் கிடாவை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அங்கேயே கயிற்றைக் கறிக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலை கறி வாங்கப் போனேன். கடைக்காரர் தொட்டியில் ஒரு தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். "இதைப் பாருங்கக்கா" என்றார். தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் திட்டு கரைந்து ஓடியது. அடியில் ஒரு புள்ளிகூட இல்லாத கறுப்பு. "சுண்ணாம்புக்கா. வெட்டின பிறகுதான் பார்த்தேன்."

வெறும் பையோடு திரும்பி வந்து இவரிடம் சொன்னேன். நம்பாமல் கடைக்கு ஓடினார். பின்னாலேயே போனேன். குனிந்து அந்த முகத்தை விரலால் தடவினார். அவர் ஓர் ஆட்டைத் தொட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீயே உன் தம்பிகிட்ட சொல்லிடேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? நானும் சிரிச்சேனே. வாங்க, ரெண்டு பேருமே போவோம்."

தம்பி வாசலுக்கே வந்தான். "வாங்க மாமா. அந்தத் திட்டு இத்தனை நாளா என் கண்ணுல படவே இல்ல. நல்லவேளை, நேத்தே சொன்னீங்க. இல்லேன்னா எல்லாக் குட்டியும் கலப்பாப் போயிருக்கும்."

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அது சுத்த இனம்தான்டா. நான்தான் கிட்டப் போய்ப் பார்க்கல. முகத்துல இருந்தது சுண்ணாம்பு."

கத்துவான் என்று நின்றோம். கத்தியிருந்தால் தேவலை. அவன் திரும்பிக் கொட்டகைச் சுவரைப் பார்த்தான். கிடா முகம் எட்டுகிற உயரத்தில் வெள்ளை தேய்ந்து போயிருந்தது.

"நேத்து காலையிலதான் வெள்ளை அடிச்சேன் மாமா" என்றான். "நீங்க வர்றீங்கன்னு."