ரத்தினசாமி மண் தள்ளாத குழி

முருகவேல் காய்ச்சலில் செத்தபோது அவனுக்கு நாலு வயது. சாமளாபுரத்துச் சுடுகாட்டில் குழி வெட்டி, பிள்ளையை உள்ளே வைத்து, தகப்பன் முதல் மண் தள்ள வேண்டிய நேரத்தில் ரத்தினசாமியைக் காணவில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த மனுசன். குளத்துப் பக்கம் நடந்ததைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். பஸ் ஏறிவிட்டதாக இன்னொருத்தர் சொன்னார். கடைசியில் தாய்மாமன்தான் மண் தள்ளினார்.

ஒரு வாரம் கழித்து ரத்தினசாமி வந்து நின்றார். பழனியம்மாள் கதவைத் திறந்துவிட்டாள், சோறு போட்டாள். ஆனால் அதற்கப்புறம் புருசனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் செத்த அன்றைக்கும் அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

மகள் வேல்விழிக்கு அப்போது ஒன்பது வயது. பெத்த பிள்ளைக்கு மண் போடாதவன் மகள் என்ற பேச்சைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டாள். அதைச் சொன்னவர்கள்மீது அவளுக்குக் கோபமில்லை. இருந்த கோபமெல்லாம் அப்பன்மீதுதான்.

இப்போது அவள் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. அப்பா, அம்மா இருவருமே போய்ச் சேர்ந்தாயிற்று. போன வருசம் முன்னாள் ராணுவத்தார் சங்கத்திலிருந்து அய்யாசாமி என்பவர் போன் செய்தார். எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டைக்குப் போனவர்களின் குடும்பங்களை ஜம்மு எல்லைக்குக் கூட்டிப்போகிறார்களாம்.

"ஏனுங்க அக்கா, உங்கப்பா எந்தப் பக்கம் சண்டைக்குப் போனாருங்க?"

"தெரியலீங்க."

"என்ன வேலைல இருந்தாருங்க?"

அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. முப்பது வருசம் ஒரே ஊட்டில் இருந்த ஆள்.

ராணுவ அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதில், மருத்துவப் பிரிவு, ஆம்புலன்ஸ் படை என்று மட்டும் பதில் வந்தது. டிரைவராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அய்யாசாமி அவருடைய பழைய போட்டோவைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டார். சித்திரை பிறந்த பிறகு உசிலம்பட்டியிலிருந்து ஒரு கிழவர் பேசினார். பெயர் மூக்கையா. "ரத்தினத்தோட மகளா? நேர்ல வா தாயி. போன்ல பேசுற சமாச்சாரம் இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். மூக்கையா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காபி வந்தது.

"அப்பா வண்டி ஓட்டுனாருங்களா?"

"வண்டியா? நாங்க ரெண்டு பேரும் ஸ்ட்ரெச்சர் தூக்குனோம். அவன் முன்னாடி, நான் பின்னாடி. ஜம்முல சம்பான்னு ஒரு ஊரு, அதுக்கு அங்கிட்டு, பசந்தர் ஆத்தத் தாண்டி. சண்டை நடக்கையில அடிபட்டவங்களத் தூக்குனோம். அதாச்சும் பரவால்ல. கத்துவான், தண்ணி கேப்பான், உசுரு இருக்கும். சண்டை நின்னப்பெறகு பொணம் பொறுக்க விட்டாக. நம்மாளு, அவுகாளு, ரெண்டும்தான். கரும்புக் கொல்லைக்குள்ள, பங்கர் குழிக்குள்ள. பாதிப்பேருக்கு மீசைகூட மொளைக்கல. பொதைக்க வேண்டியதப் பொதைச்சோம், ஒப்படைக்க வேண்டியத ஒப்படைச்சோம்."

வேல்விழி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒங்கப்பன் கையக் கழுவிக்கிட்டே இருப்பான். அந்தக் குளிர்ல, ஐஸா இருக்கிற தண்ணியில. தோலு வெடிச்சு ரத்தம் வரும். லீவுக்கு வரையில ரயில்ல சொன்னான், இனிமே இந்தக் கையால ஒரு பொணத்துக்கும் மண்ணுத் தள்ளமாட்டேன், பெத்தவுகளா இருந்தாலுஞ் செரின்னு. குடிச்சுப்புட்டுச் சொன்னதுன்னு நெனச்சேன்."

பெத்தவர்களைத்தான் நினைத்திருக்கிறார். பெத்த பிள்ளை நினைப்பில் வந்திருக்காது. வேல்விழிக்கு முதலில் வந்தது அழுகையில்லை, ஆத்திரம்தான்.

"இத எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? சாகுறவரைக்கும் வெறுத்துப்போய்க் கெடந்துச்சுங்க அது. ஒரே ஒரு வார்த்தைங்க."

"என்னன்னு தாயி சொல்லுவான்?" என்றார் மூக்கையா. "இத்தன வருசத்துல எம் பொண்டாட்டிக்கே நான் சொன்னதில்ல."

அவர் இன்னொன்றும் சொன்னார். சண்டையில் பிடித்த அந்த நிலத்தையெல்லாம் ஒப்பந்தம் போட்டுப் பாகிஸ்தானுக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர்கள் நடந்த கரும்புக்காடு இப்போது வேலிக்கு அந்தப் பக்கம். போனாலும் பார்க்க முடியாது.

ஆனாலும் அவள் போனாள். தை மாதம், ரயிலில், சங்கத்தார் வாங்கிக் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு. எல்லையில் அப்படியொரு பனிமூட்டம். வேலியில் முதல் இரண்டு கம்பம் தெரிந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. கூட வந்தவர்கள் வெள்ளையாய்க் கிடந்த அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். கம்பெனியில் பீகார்ப் பெண்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில், காவலுக்கு நின்ற சிப்பாயிடம் ஆறு எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பக்கந்தான் அம்மா, பனி இல்லாத நாளில் ஒரு மேடு தெரியும் என்றான். பனி எப்போது விலகும் என்று கேட்டாள். இன்றைக்கு விலகாது என்றான்.

கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் சில்லிட்டு வலித்தது. முருகவேலின் குழி எந்த இடம் என்றுகூட இன்றைக்கு அவளால் அடையாளம் காட்ட முடியாது. அம்மா இருந்தால் ஒருவேளை காட்டியிருப்பாள். அம்மாவிடம் சொல்லத்தான் இப்போது எல்லாம் இருக்கிறது, அவள் இல்லை.

திரும்பும்போது வேனில் பக்கத்தில் உட்கார்ந்த பெருந்துறைக்காரம்மா தன் அப்பாவின் பதக்கத்தைக் காட்டினாள். பீரங்கிப் படையாம்.

"உங்கப்பா என்ன பண்ணுனாருங்க?"

"செத்தவங்களைப் பொதைச்சாருங்க."

"நம்மாளுங்களையா?"

"எல்லாத்தையுமுங்க."

அந்தம்மா பதக்கத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேன் விளக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.