மூலை வீட்டு ஜன்னலுக்குக் கீழ பூ வெச்ச கதை

நீ நேத்து ஊருக்குப் போயிட்டம்மா, இல்லன்னா நீயே பாத்திருப்ப. எம்பேத்தியப் பாக்க வந்தாங்களே மாப்பிள்ள வீட்டுக்காரங்க, என்னப் படுத்தி எடுத்துட்டாங்க.

ஞாயித்துக்கெழம மார்க்கெட்டு கூட்டத்துல வேன் உள்ள வரல. முனையில எறங்கி நடந்து வராங்க. நாலரைக்கு ராவு காலம். அதுக்குள்ள பொண்ணப் பாத்து, புடிச்சிருந்தா பூ வெச்சிடணும். நாலு மணி ஆயிடுச்சு, ஒருத்தரையும் காணோம். போண்டா வேற ஆறிப்போவுது. நல்லவேள, பஜ்ஜி போடல.

நானே போய்ப் பாத்தேன். பையனோட அப்பா மூல வீட்டு எதிர்ல, நடுரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்துக்கினு இருக்காரு. ஊர்ல புது வீடு கட்டறாராம். அதனால எந்த ஊருக்குப் போனாலும் வீடு பாக்கறாராம். அவங்கள அழச்சினு வரப் போன எம்புள்ள பக்கத்துல கையக் கட்டிக்கினு நிக்கறான். சம்பந்தி ஆவப் போறவர அவசரப்படுத்தக் கூடாதாம். பையன் பாவம், மொகத்தத் தொடச்சிக்கினே எங்க வீட்டப் பக்கம் பாக்கறான்.

"சம்பந்தி, நேரமாவுது"ன்னேன்.

"கீழ பாருங்கம்மா, நம்மூரு மரத்தூணு. மேல வெள்ளக்காரன் வளைவு ஜன்னலு. ஒரே வீட்ல ரெண்டும் சண்ட போடாம இருக்கு."

"உள்ள மாமியாரும் மருமவளும் தெனம் போடறாங்க. வாங்க."

அவரு அந்த வீட்டுச் செவுத்தத் தடவிப் பாத்துட்டு, மறுபடியும் ஜன்னல அண்ணாந்து பாக்கறாரு. சம்பந்தியம்மா சிரிக்கறாங்க. "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்க வீட்டு வாசக்காலத்தாங்க மொதல்ல பாத்தாரு."

அப்பதான் திரும்பறேன், எம்பேத்தி பட்டுப்பொடவையோட, தட்டுல காபி எடுத்துக்கினு தெருவுல வரா. பொண்ணு பாக்கற நாள்ல பொண்ணு இப்படி வாசலத் தாண்டலாமா?

"மாமா, காபி குடிச்சிட்டே பாருங்க. ஆறிடும்"ன்றா.

அந்த மனுசன் அப்பதான் ஜன்னல வுட்டு கண்ண எறக்கினாரு. அவளப் பாத்தாரு, காபிய வாங்கிக் குடிச்சாரு, மவனத் திரும்பிப் பாத்தாரு. அவன் தலைய ஆட்டிட்டான். "பூவ எடு"ன்னாரு பொண்டாட்டிகிட்ட. நாலரைக்கு முன்னாடி அங்கியே, எவன் வூட்டு ஜன்னலுக்கோ கீழ நின்னு வெச்சிட்டாங்க. கூடத்துல நான் போட்ட பாய்லாம் சும்மாவே கெடந்துது.

அப்புறமா உள்ள வந்தும், போண்டாவ வாயில வெச்சிக்கினு எங்க வீட்டு உத்தரத்தையே பாக்கறாரு.

இத்தினி வருசம் அந்த வழியாத்தான் போறேன். இன்னிக்குப் பால் வாங்கப் போறப்ப நானும் நின்னு அந்த ஜன்னல அண்ணாந்து பாத்தேன். அழகாத்தாம்மா இருக்கு. பால்காரன்தான் கத்தறான், நடுரோட்டுல நிக்கறேன்னு.

இரு, கொழாயில காத்து சத்தம் கேக்குது. தண்ணி வந்துடும், கொடத்த வெக்கறேன்.