கார் பண்ணிய சத்தியம்

பத்தக்குட்டி யாருக்கும் இலகுவில் தலையாட்டாத ஆள். ஓம் என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூட முதலில் ஒரு 'ஏன்' வரும். களுதாவளையில் அவனுக்குக் கூட்டாளிகள் குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஊரின் பெரிய வயற்காரரான கனகசிங்கம் போடியார் மட்டும் அவனைப் பொறுத்துக்கொண்டார். அது அன்பினால் அல்ல, காரினால். பதுளையில் ஒரு தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டிவிட்டு வந்தவன் அவன். போடியாரின் பழைய கறுப்புக் காரை மணல் ரோட்டில் புதைக்காமல் கொண்டுபோக அந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது, அதுவும் அளந்து. அந்த நேரம் பார்த்துக் கார் பெற்றோலைக் குடிக்கத் தொடங்கியது. மட்டக்களப்புக்கு நாலு முறை போய்வந்த பெற்றோல் இரண்டு முறைக்கே முடிந்தது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். வெயில் ஏறி என்ஜின் சூடானதும் இருமும், குலுங்கும், நடு ரோட்டில் நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். ஒருநாள் கல்லடிப் பாலத்தின் நடுவே கார் நின்றுவிட, போடியார் பட்டுச் சால்வையோடு வெயிலில் காய்ந்தார். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர்கள் மரியாதையாகத்தான் சிரித்தார்கள்.

சந்தையில் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். பத்தக்குட்டி பெற்றோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுகிறான், அதுதான் கார் இருமுகிறது என்று. கேட்டால் பொருத்தமான கதைதான். பெற்றோல் குறைவதற்கும் கார் நிற்பதற்கும் ஒரே காரணம். கார் நிற்பதும் பத்தக்குட்டியின் வளவிலுள்ள கொட்டிலில்தான். போடியார் நம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஊர் வழக்கம் தெரிந்ததுதான். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் கற்பூரம் கொளுத்துவார். பழி சுமந்தவன் அதை உள்ளங்கையால் அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. சொல்ல மாட்டேன் என்றால் அவன் கள்ளன். அதன்பிறகு அவனுக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள், அவன் வீட்டில் சம்பந்தம் பேசவும் வர மாட்டார்கள்.

"கையை வெச்சிட்டு வாங்களன். செய்யாததைச் செய்யல்லெண்டு சொல்றதுக்கு என்ன?" என்றாள் மனைவி இரத்தினம்மா.

"எடுக்காதவன் ஏன்கா சத்தியம் பண்ண? எவனோ ஒருத்தன் வாயில வந்ததைச் சொல்லுவான், அதுக்கு நான் கையைச் சுட்டுக்கொள்றதா? பண்ண மாட்டன்."

"அப்ப நான் கள்ளண்ட பெண்சாதியெண்டு கிணத்தடிக்குப் போறன்."

அந்தச் சொல் அவனைக் குத்தியது. எழுந்து கொட்டிலுக்குப் போனான். பெற்றோல் களவு போகவில்லையென்றால் அது எங்கேயோ இருக்கத்தான் வேண்டும்.

பெற்றோல் தாங்கியில் ஒழுக்கு இல்லை. குழாய் நெடுகக் கையால் தடவிப் பார்த்தான், காய்ந்திருந்தது. காருக்குக் கீழே மண்ணும் காய்ந்து கிடந்தது. காபறேற்றரில் போய்ச் சேரும் குழாயைக் கழற்றி, இரத்தினம்மாவை ஒரு தகரப் பேணியைக் கீழே பிடிக்கச் சொல்லிவிட்டு, காருக்கு முன்னால் நின்று கம்பி போட்டு என்ஜினைச் சுழற்றினான். பெற்றோல் பீறிட்டு வர வேண்டும். மூக்குச்சளி மாதிரி ஒழுகியது.

"பெற்றோல் பம் இழுக்கல்ல புள்ள," என்றான்.

காபறேற்றரை இரண்டு முறை கழற்றித் துடைத்தவன், பம்பை நினைக்கவேயில்லை. அது இருக்கட்டும். பம் இழுக்காவிட்டால் பெற்றோல் தாங்கியிலேயே அல்லவா மிஞ்ச வேண்டும்? பம்பின் வெளிப்புறமும் ஈரமில்லை. அது என்ஜினின் பக்கத்தில் பூட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது என்ஜின் எண்ணெய் மட்டும்தான்.

எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினான். எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது. வழமையாக எண்ணெய் குடிக்கிற என்ஜின் அது. ஒரு மாதமாக அவன் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. எண்ணெயும் கிடைக்காத அந்தக் காலத்தில், பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்று சந்தோசப்பட்டு இரத்தினம்மாவிடம் பெருமையும் அடித்திருந்தான். இப்போது கம்பியை மூக்கில் பிடித்தான். பெற்றோல் நெடி முகத்தில் அடித்தது.

தன்னைத்தானே நன்றாக ஏசினான். பிறகு பம்பைக் கழற்றக் குறடு ஒன்றை எடுத்தான், திரும்ப வைத்தான். வீட்டில் வைத்துப் பம்பைத் திறந்தால், உள்ளேயுள்ள றப்பரை அவனே கிழித்துவிட்டான் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை காரோடுதான் போனான். இருமி இருமிக் கோயில் வாசலில் வந்து அது நின்றது. ஊரே திரண்டிருந்தது. வண்ணக்கர் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"கையை வை, பத்தக்குட்டி," என்றார்.

"வெக்க மாட்டன் ஐயா. களவெண்டு சொல்றது காரைப் பாத்துத்தானே. கார் சத்தியம் பண்ணட்டும்."

கூட்டம் முணுமுணுத்தது. போடியாரின் முகம் கறுத்தது.

"கள்ளனுக்கு வாய் மட்டும் குறையல்ல," என்றார்.

பத்தக்குட்டி காருக்கடியில் படுத்து, என்ஜின் எண்ணெயை ஒரு தாச்சிச் சட்டியில் இறக்கினான். அதைக் காருக்கு எட்டக் கொண்டுபோய் வைத்து, இரண்டு கந்தைத் துணியை எடுத்தான். ஒன்றைக் கூடவே கொண்டுவந்த தகரத்தில் மிஞ்சியிருந்த புது என்ஜின் எண்ணெயில் தோய்த்தான், மற்றதைத் தாச்சியில். குச்சிகளில் சுற்றிக் கற்பூரத்தில் காட்டச் சொல்லி வண்ணக்கரிடமே கொடுத்தான். முதல் துணி மெல்லப் புகைந்தது. இரண்டாவது குப்பென்று பற்றியது. வண்ணக்கர் அதைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"மறுகா என்ன, போடியார் வந்து பாருங்க," என்று பம்பைக் கழற்றி அவர் கண் முன்னாலேயே திறந்தான். உள்ளே ஏறி இறங்கிப் பெற்றோலை இழுக்கும் றப்பர்த் துணி ஓரம் கிழிந்து தொங்கியது. "பாதி இஞ்சால ஒழுகி எண்ணெயோட சேந்திரிக்கி. மிச்சம் எழும்பாம கார் நிக்கிது. நான் வித்த பெற்றோல் இதுதான்."

போடியார் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலை மூக்கில் பிடித்தார்.

"சரி, சரி. நாளைக்குப் பட்டணத்தில துணி தேடிப் போடு. வேலைக்கு வா," என்று திரும்பினார்.

"நில்லுங்க போடியார். கள்ளனெண்டு ஊருக்குக் கேக்கச் சொன்னயள். அல்லெண்டும் ஊருக்குக் கேக்கச் சொல்லோணும். மறுகாதான் நான் காரைத் தொடுவன்."

அவரிடம் இப்படிப் பேசியவன் அதுவரை இல்லை. வண்ணக்கர் தரையைப் பார்த்தார். போடியார் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இவன் எடுக்கல்ல," என்று வாய்க்குள் சொன்னார்.

பெண்கள் பக்கமிருந்து இரத்தினம்மா, "எனக்குக் கேக்கல்ல," என்றாள்.

போடியார் நிமிர்ந்து, சத்தமாகச் சொன்னார்.

பம் கழன்ற கார் ஓடாது. மாட்டு வண்டிக்காரன் ஒருவன் தன் சோடி மாட்டை அவிழ்த்துக் காரின் முன்னால் கயிறு கட்டினான். பத்தக்குட்டி முன்னால் ஏறிச் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்தான். போடியார் பின்கதவுக்கு வந்தார். அவர் ஏறுவதற்கு முன்பே பத்தக்குட்டி திரும்பி, "புள்ள, நீ ஏறு," என்றான்.

போடியார் வீட்டு ஆட்கள் மட்டுமே இருந்த ஆசனத்தில் இரத்தினம்மா ஏறி இருந்தாள். மாடுகள் இழுத்தன. போடியார் காருக்குப் பின்னால் நடந்து வந்தார்.